அக்கா படத்துக்குக் கீழே அந்த இங்கிலீஷ் வார்த்தை ஏன் இல்லை

வருடத் திதிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அக்காவின் கூடப்பிறந்த தம்பி கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. இந்த மலரில் மற்ற பக்கங்களை எழுதியவர்கள் எல்லாம் படித்தவர்கள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்றாம் வகுப்பிலேயே விவாகரத்து ஆகிவிட்டது. அதனால் நான் பேசப் பேச அக்காவின் மகள் நித்யா எழுதுகிறாள். எழுத்தை அவள் பார்த்துக்கொள்வாள், கோபத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். நினைவு மலரில் கெட்ட வார்த்தை வரக்கூடாதாம். என் வாயில் அப்படி வந்த இடத்தில் எல்லாம் "மிகவும் வருந்துகிறேன்" என்று போட்டிருக்கிறாள். ஆகையால் நான் எங்கெல்லாம் வருந்துகிறேனோ அங்கெல்லாம் உண்மையில் என்ன சொன்னேன் என்பதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

அட்டையில் அக்கா படம் இருக்கிறது. கீழே பிறந்த நாளும் மறைந்த நாளும் இருக்கின்றன. அவ்வளவுதான். "கம்பெனில குடுத்த பட்டத்தப் போடலீங்களா? இங்கிலீஷ்ல நல்லா இருந்துச்சே" என்று மலரை அச்சுக்குக் கொடுக்கும் வரைக்கும் கேட்டவர்கள் பலர். அதை ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அக்கா பிறந்தது மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக் குடிசையில். அப்பா முருங்கைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அக்கா நடக்கப் பழகியதும் கிடைத்த முதல் வேலை ஆடு விரட்டுவது, அடுத்த வேலை என்னைத் தூக்கிக்கொண்டு திரிவது. ஆடு தேவலாம் என்பார். மழை ஏமாற்றி, மரம் பட்டுப்போய், நாங்கள் மூட்டை முடிச்சோடு திருப்பூருக்கு வந்தபோது அக்கா எட்டாவதைப் பாதியில் விட்டிருந்தார். வந்ததும் கைமடியாகப் போனார். டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை எடுத்து மடித்து அடுத்த ஆளுக்குக் கொடுக்கும் வேலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

கைமடியில் இருந்து ஓவர்லாக் டெய்லர் ஆனார். அப்போது உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. பிறகு செக்கிங்குக்குப் போட்டார்கள். செக்கிங் மேசைக்கு ஸ்டூல் கிடையாது, நின்றபடிதான் பீஸ் பார்க்க வேண்டும். பிறகு லைன் சூப்பர்வைசர். அந்த வேலையில் நிற்கவும் கூடாது, மிஷின் வரிசையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வேறு ஆபீசுகளில் பதவி ஏற ஏற நாற்காலி பெரிதாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் அக்காவுக்குப் பதவி ஏற ஏற முதலில் ஸ்டூல் போனது, அப்புறம் நிற்கிற இடமும் போனது. இன்னும் ஒரு பதவி கொடுத்திருந்தால் பறக்க விட்டிருப்பார்கள்.

என்னையும் முன்னேற்றப் பார்த்தார். அக்கா சிபாரிசில் அயனிங்குக்குப் போனேன். முதல் நாளே ஒரு பனியனில் இலங்கைப் படம் வரைந்துவிட்டேன், அயன் பாக்ஸால். கட்டிங்குக்கு அனுப்பினார். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கை வந்தது. கடைசியில் லோடு ஆட்டோ ஓட்டப் போனேன். ஓட்டுகிற நேரத்தைவிட வேப்பமர நிழலில் நிறுத்தி வைத்திருக்கிற நேரம்தான் அதிகம். சும்மா இருப்பது எப்படி என்று தெரிந்த ஆள் திருப்பூரிலேயே நான் ஒருவன்தான் என்று அக்கா வருகிறவர்களிடம் எல்லாம் அறிமுகம் செய்து வைப்பார்.

இந்த மலரின் மூன்றாம் பக்கத்தில் "அமைதியே உருவானவர்" என்று போட்டிருக்கிறது. எழுதியவர் அக்காவின் லைனில் ஒரு நாள் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். தையல் பிசகினால் "ஏம்மிணி, இது பனியனா, பன்னாடையா?" என்று அவர் கேட்கிற கேள்வி கேட் வரைக்கும் கேட்கும். வடநாட்டுப் பெண்களிடம் பேச அவருக்குத் தெரிந்த ஒரே இந்தி "ஜல்தி". கோபத்துக்கும் அதே ஜல்திதான், பாசத்துக்கும் அதே ஜல்திதான். பிரசவத்துக்கு ஊருக்குப் போகிற பெண்ணுக்கு வளையல் போட்டுவிட்டு, "ஜல்தி வா கண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர். இப்படிப்பட்ட மனுஷியை அமைதியே உருவானவர் என்று எழுதுவது, வேறு யாருக்கோ மாலை போட்டுவிட்டு வருவது போல.

இனி அந்தப் பட்டத்துக்கு வருகிறேன்.

ஒரு ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் ஊரில் மிஷின்களுக்கு ஓய்வு. துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, யாரும் தொடாமல் விடுவோம். அன்றைக்குக் காலையில் இருந்து பொரி கலந்து, பொட்டலம் கட்டி, வந்தவர்களுக்கு எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது யார் என்று கேட்கிறீர்களா? அக்காதான். மிஷின் எல்லாம் மாலையோடு உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மேனேஜர் மைக்கைப் பிடித்து அக்காவை மேடைக்கு அழைத்து ஒரு ஷீல்டு கொடுத்தார். அதில் இருந்ததுதான் அந்த வார்த்தை. ஆல்வேஸ் ஆன் த கோ.

வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம்தான் முதலில் காட்டினார். வழக்கம் போல் நான் அங்கே உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, ஆல்வேஸ் ஆன் த கோன்னாரு. அப்படீன்னா என்னடா?"

இங்கிலீஷ் விஷயத்தில் என்னைக் கேட்கிற அளவுக்கு நல்ல மனசு அக்காவுக்கு. நானும் விடவில்லை. "ஆனுன்னா சுவிட்சப் போடறதுக்கா. கோன்னா போறது. உனக்கு சுவிட்சப் போட்டு உட்டுட்டாங்க. நீ போயிட்டே இருக்கோணும்."

"அப்ப ஆப் பண்றது எங்கிருக்குது?"

"திருப்பிப் பாத்தேன். அது இந்த மாடல்ல வெக்கலையாட்ட இருக்குது."

"அட போடா, வேலவெட்டி கெட்டவனே" என்று சிரித்தபடி அக்கா மாவாட்டப் போய்விட்டார். அக்கா வீட்டுக்காரரான மாமாவின் அம்மாவை நான் அத்தை என்பேன். அவருக்குக் காது அரைகுறை. கட்டிலில் இருந்து சத்தம் போட்டார்:

"எவன் அவன், என்ர மருமவள ஆந்தைங்கறது?"

"ஆந்தை இல்லீங்கத்தை. ஆன் த கோ."

"அதையத்தானே நானும் சொல்றேன்! ராத்திரியும் பகலும் முழிச்சுட்டே கெடந்து பாடுபடறவளுக்கு ஆந்தைன்னு பட்டமா? குடுக்கறவன் மயிலு, கிளின்னு குடுக்கக் கூடாது?"

அன்றோடு எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஆந்தகோ ஆகிவிட்டது. "அக்கா எங்கெ?" என்று யாராவது கேட்டால், "ஆந்தகோல இருக்கறாங்க" என்போம். கம்பெனி வேன் சந்து முனையில் ஹாரன் அடிக்க, தட்டைக் கையில் பிடித்து நின்றபடி இட்லியை விழுங்குவது ஆந்தகோ. டிவி நாடகத்தைச் சமையல்கட்டில் இருந்தே காதால் கேட்பதும் ஆந்தகோ. நாடகத்தில் வருகிறவர்களை எல்லாம் அக்காவுக்குக் குரலால்தான் தெரியும். ஒரு நாள் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது திரையைப் பார்த்துவிட்டு, "இவளா அவ? குரலக் கேட்டு நல்லவன்னு நெனச்சுட்டு இருந்தனே!" என்று திகைத்து நின்றார். நின்றது சாதம் வடிக்கிற வரைக்கும்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஷீல்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அந்த வார்த்தை அப்போது எங்களுக்கு விளையாட்டு. கம்பெனிக்கு அது விளையாட்டு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அக்கா போன அன்றைக்குக் காலையில் மாமாவிடம், "நெஞ்செல்லாம் ஒரு மாதிரி கரிக்குதுங்க" என்றிருக்கிறார். மாமா, "கேஸா இருக்கும், சோடா வாங்கிக் குடி" என்றிருக்கிறார். திருப்பூரில் நெஞ்சுவலிக்கு முதல் வைத்தியர் பெட்டிக்கடைக்காரர்தான். அக்கா சோடா குடித்துவிட்டு வேன் ஏறினார். கம்பெனியில் வேர்த்துக்கொட்டியது. இடது கையைத் தூக்க முடியவில்லை. மேனேஜரிடம் போய், "முடியலீங்க சார், ஊட்டுக்குப் போகட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து மேசையில் நூல் வெட்டிக்கொண்டிருந்த ஒடிசாப் பெண் சுனிதாதான் இதை எங்களுக்குச் சொன்னாள். அவளுக்கு இப்போது நன்றாகத் தமிழ் தெரியும். மேனேஜர் சொன்னதை அவர் மாதிரியே சொல்லிக் காட்டினாள்:

"சரக்கு ஏத்த கன்டெய்னர் நிக்குதேக்கா. பொழுதோட போயிக்கலாம். நீங்கதான் ஆல்வேஸ் ஆன் த கோ ஆச்சே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே லைனுக்குத் திரும்பியவர் இரண்டு மிஷினுக்கு நடுவில் விழுந்தார்.

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த வார்த்தையின் உபயோகம் புரிந்தது. அது பட்டம் இல்லை. "வீட்டுக்குப் போகட்டுமா" என்று கேட்டால் சொல்வதற்குத் தயாராக வைத்திருக்கிற பதில். அந்தப் பதிலை முன்கூட்டியே கண்ணாடியில் பொறித்து, அக்கா கையிலேயே கொடுத்து, கைதட்டவும் வைத்திருக்கிறார்கள். அந்த மேனேஜரை நினைக்கும்போது நான் மிகவும் வருந்துகிறேன்.

சாவுக்கு வந்தார். பெரிய மாலை. "அவங்க இல்லாம லைனே நின்னுபோச்சுங்க" என்றார். லைன் அன்று பொழுது சாயும் முன்பே திரும்ப ஓடியது. கன்டெய்னரும் கிளம்பிப் போனது. மறுபடியும் மிகவும் வருந்துகிறேன்.

சொந்தக்காரர்களையும் நான் விடப்போவதில்லை. கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விடாதீர்கள், முதலில் கேளுங்கள். "படுத்த படுக்கையாக் கெடக்காம, கடைசி வரைக்கும் வேல செஞ்சுட்டே போயிட்டா, குடுத்து வெச்சவ" என்று அன்றைக்கு எத்தனை பேர் சொன்னீர்கள்! என்ன கொடுத்து வைத்தார்? யார் கொடுத்தது? அக்கா படுத்திருக்க வேண்டும் என்கிறேன் நான். மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். "தலகாணிய ஒசத்தி வையி, கஞ்சில உப்பில்ல, பேன வேகமா வையி" என்று எங்கள் எல்லோரையும் விரட்டியிருக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து இளைத்திருக்க வேண்டும். என் தொப்பைக்கும் அது நல்லதாக இருந்திருக்கும். அந்தப் பாக்கியத்தை எங்களுக்குக் கொடுக்காமல் போய்விட்டாரே என்று அழ வேண்டிய இடத்தில், படுக்காமல் போனதற்குப் பாராட்டினீர்கள். அது போதாது என்று, இந்த ஒரு வருடமாக வந்து போகிறவர்கள் எல்லாம் நித்யாவைப் பார்த்து, "உங்கம்மாளாட்டவே சுத்திச் சுத்தி வேல செய்யற சாமி" என்கிறீர்கள். அவள் காலையில் சமைத்து, அத்தையைக் குளிப்பாட்டி, வேலைக்குப் போய், வந்து மறுபடியும் அடுப்படிக்குப் போகிறாள். நீங்கள் பாராட்டிவிட்டுக் காபி கேட்கிறீர்கள். அவள் எழுந்து போகிறாள்.

போன மாதம் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். நினைவு மலருக்கு அட்டை கம்பெனி சார்பில் போட்டுத் தருவதாகச் சொல்லி, மாதிரி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். பளபளவென்று இருந்தது. அக்கா மிஷின் வரிசையில் கையை நீட்டி யாரையோ விரட்டிக்கொண்டு நிற்கிற படம். அதற்குக் கீழே தங்க நிறத்தில் ஆல்வேஸ் ஆன் த கோ.

மாமா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

"இது வேண்டாமுங்க மாமா" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? நீ சித்த சும்மா இரு."

"சும்மா இருக்கறது ஒன்னுதான் மாமா எனக்குத் தெரியும். அதுனாலதான் சொல்றேன். இது வேண்டாம்."

மேனேஜர் பொறுமையாகச் சொன்னார். "சார், இது பாசிட்டிவ் வேர்டு சார்."

"ரத்தம் பாக்கற லேப்லயும் பாசிட்டிவ்னுதானுங்க எழுதித் தர்றாங்க. அப்பறம் பாத்தா டெங்குங்கறாங்க."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் பேச்சுக்கு வருகிற வழக்கமான கோபம் இல்லை அது. "டேய், நான் டையிங்ல இத்தன வருசம் சாயத்துல கெடந்தேன். எனக்கு ஒரு பேரு தாராச்சும் வெச்சாங்களா? உங்கக்காளுக்கு வெச்சாங்க. அவளுக்குன்னு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்குது. அதையும் அழிக்கோணுங்கறயா?"

மாமா அந்த வார்த்தையை அந்தக் கண்ணோடு பார்த்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. அவருக்கு அது அக்காவுக்குக் கிடைத்த ஒரே மரியாதை. எனக்கு அது அக்காவை வீட்டுக்கு அனுப்பாத வாய். இரண்டும் அந்தத் தங்க எழுத்துக்குள்ளேயே இருக்கின்றன. என்ன செய்வது?

நித்யா பி.காம். படித்தவள். அதுவரை கதவோரம் காபித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னாள்.

"எப்பவும் ஏதாவது வேலையா ஓடிட்டே இருக்கறவங்கள இப்படிச் சொல்லுவாங்களாமா."

"நான்தான் சொன்னனே" என்றார் மேனேஜர்.

"இன்னும் இருக்குதுங்க சார். உக்காந்து திங்க நேரமில்லாம போறபோக்குல திங்கறதுக்கும் இதே வார்த்தைதானாமா." திரையை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "ஒருத்தர ஓய உடாம ஓட வெச்சுட்டே இருக்கறதுக்கும் இதையே சொல்லுவாங்களாமா."

சுவிட்ச் என்று நான் உளறியதுகூட அர்த்தத்துக்கு அத்தனை தூரத்தில் இல்லை போலிருக்கிறது. வார்த்தை தப்பாக இருந்திருந்தால்கூட நான் விட்டிருப்பேன். அத்தனையும் சரியாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மேனேஜர் பேச்சை மாற்றினார். "அதெல்லாம் விடும்மா. நான் இன்னொன்னும் பேசத்தான் வந்தேன். உங்கம்மா இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நீ வாம்மா. அவங்க மாதிரியே ஆக்டிவ்வான பொண்ணு நீ."

"அந்த வேலைக்குச் சேர் குடுப்பீங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "லைன் சூப்பர்வைசருக்கு எதுக்கும்மா சேர்?"

"அப்ப வேண்டாமுங்க" என்றாள் நித்யா. பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "அப்பா, இந்தப் படமும் வேண்டாம். அம்மா உக்காந்திருக்கற படம் ஒன்னு எடுங்க. அதப் போடலாம்."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தோம். மேனேஜர் போன பிறகு தேட உட்கார்ந்தோம். ஆல்பத்தை எல்லாம் இறக்கினோம். நித்யா காதுகுத்தில் அக்கா சாம்பார் வாளியோடு நிற்கிறார். என் கல்யாணத்தில் நான் மாப்பிள்ளைக் கோலத்தில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் அக்கா யாருக்கோ வெற்றிலை நீட்டுகிறார். பொங்கலில் முதுகு தெரிகிறது. பழனியில் பாதி உடம்புதான் படத்துக்குள் இருக்கிறது, மீதி எங்கேயோ கிளம்பிவிட்டது. கைப்பேசியில் இருக்கும் படங்களில் அக்கா என்பது ஒரு கலங்கலான சேலை. கல்யாண மணவறையில் மட்டும் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டு. முகம் தெரியவில்லை. மாமா ஒவ்வொரு படமாகத் தள்ளத் தள்ள அவர் கை மெதுவாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் நித்யாவின் பழைய கைப்பேசியில் ஒன்று கிடைத்தது. அமராவதி அணைக்குப் போயிருந்தபோது எடுத்தது. முதலைப் பண்ணையில் வெயிலில் கல் மாதிரி கிடந்த ஒரு முதலையைக் காட்டி, "தம்பி, உன்ர பங்காளி இங்க இருக்கறாரு பாரு. வந்ததுல இருந்து அசையவே காணோம்" என்று அக்கா சொன்னார். அதற்கு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே அங்கே இருந்த கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கை இரண்டும் மடியில் சும்மா கிடக்க, வாய்விட்டுச் சிரிக்கிறார்.

மாமா அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது எப்ப எடுத்தது? நான் எங்கெ இருந்தேன்?"

நித்யா சொன்னாள்: "நீங்க எங்களுக்கு மீன் வாங்கியாரப் போயிருந்தீங்கப்பா. அதான் அம்மா உக்காந்திருக்கறாங்க."

மாமா அந்தப் பளபளப்பு அட்டையை மடித்துப் பரண்மேல் போட்டார். "இதையே போடுங்க. கீழ ஒன்னும் எழுத வேண்டாம்" என்றார். அந்தப் படம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

நன்றி சொல்வது இந்தக் கட்டுரைக்கு வழக்கம். எல்லோருக்கும் சொல்ல என்னால் முடியாது. அக்காவை உட்கார வைத்தவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கம்பெனி வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டை எவ்வளவு கூட்டத்திலும் அக்காவுக்காகத் துண்டு போட்டுப் பிடித்து வைத்த டிரைவர் அண்ணனுக்கு நன்றி. டீ நேரத்தில் காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "தீதி, பைட்டோ" என்று கையைப் பிடித்து இழுத்த சுனிதாவுக்கு நன்றி. இந்தியில் தீதி என்றால் அக்கா, பைட்டோ என்றால் உட்கார் என்று அர்த்தமாம். இவ்வளவு ஊர் ஆட்கள் இருந்தும் அந்த வார்த்தையைச் சொல்ல ஒடிசாவில் இருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது. அமராவதியில் அன்றைக்கு மீன் கடையில் கூட்டமாக இருந்து மாமாவை அதிக நேரம் காக்க வைத்ததே, அந்தக் கூட்டத்துக்கும் நன்றி.

இன்று திதிச் சாப்பாடு. இலை போடுவது மாமா. பரிமாறுவது நான். பழக்கம் இல்லாத கை, ரசத்தை உங்கள் மடியில் ஊற்றினாலும் ஊற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் நித்யா உட்கார்ந்திருப்பாள். அப்பளம் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். தண்ணீர் வேண்டும் என்றால் மாமாவைக் கூப்பிடுங்கள். அவளை எழுப்பாதீர்கள்.